கோழியின் உள்ளங்காலில் கறுப்புப் பொருக்கு: கால் ஆணிக்கு மருத்துவமும் முன்காப்பும்

புழக்கடையில் ஐந்தாறு கோழிகள் வைத்திருப்பவர்கள் வெள்ளைக்கழிச்சலுக்கும் அம்மைக்கும் அஞ்சுவார்கள். தடுப்பூசி போட வேண்டிய நாளைக்கூட நாட்காட்டியில் குறித்து வைத்திருப்பார்கள். ஆனால், கோழியைத் தூக்கி அதன் உள்ளங்காலைத் திருப்பிப் பார்க்கும் வழக்கம் நம்மில் பலருக்கு இல்லை. பருந்துக்கும் கீரிக்கும் இரையாகக்கூடிய பறவை தன் வலியை எளிதில் வெளிக்காட்டுவதில்லை என்பதால், கோழி கண்கூடாக நொண்டத் தொடங்கும்போது பாதத்தினுள் சீழ் கட்டிப் பல நாள்கள், சில நேரங்களில் வாரங்கள்கூட ஆகியிருக்கும். அந்தக் கட்டத்தில் மருத்துவம் கடினம். அதற்கு முன்பு, உள்ளங்காலில் ஒரு சிவப்புத் தடமோ மிளகளவு பொருக்கோ மட்டும் இருக்கும் நாள்களில், வீட்டிலேயே பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். இந்தக் கட்டுரையில் சொல்லப்படும் எல்லாமே அந்த முதற்கட்டத்தில் நோயைப் பிடிப்பதையும், அது வருவதற்கான காரணத்தைத் தரையிலும், கோழி இரவில் அடையும் கம்பிலும் தேடுவதையும் பற்றியவை.

நாட்டுக்கோழி வளர்ப்பவர்கள் இதைக் கால் ஆணி என்பார்கள். ஆங்கிலத்தில் பம்பிள்ஃபுட் எனப்படுகிறது. மனிதர் காலில் வரும் ஆணியைப் போல அழுத்தத்தால் தொடங்கினாலும், இது வெறும் தோல் தடிப்பு அன்று. பாதத்தின் நடுத்திண்டில் முள் குத்தியோ, சொரசொரப்பான தரையில் உராய்ந்தோ, உயரத்திலிருந்து குதித்த அதிர்ச்சியில் நசுங்கியோ மெல்லிய பிளவு உண்டாகிறது. அதன் வழியாகக் கிருமிகள் உள்ளே புகுகின்றன. அவற்றுள் முதன்மையானது ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ். நலமாக இருக்கும் கோழியின் தோலிலும், கொட்டகைத் தரையில் பரப்பும் கூளத்திலும் எப்போதும் இருந்துகொண்டு, வாசல் திறக்கக் காத்திருக்கும் பாக்டீரியா அது. எச்சத்திலிருந்து வரும் ஈ-கோலை என்னும் குடல் பாக்டீரியாவும் சேர்ந்துகொள்வது உண்டு.

இங்கே பறவையின் உடலைப் பற்றி ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். மாட்டுக்கோ மனிதருக்கோ சீழ் நீர்த்த நிலையில் திரண்டு, கட்டி உடைந்ததும் வழிந்து வெளியேறிவிடும். பறவைகளின் வெள்ளணுக்களில் சீழை நீர்க்கச் செய்யும் நொதிகள் போதிய அளவில் இல்லாததால், அவற்றின் சீழ் பாலாடைக்கட்டியைப் போல இறுகி, மஞ்சள் நிற உருண்டையாக உள்ளேயே தங்கிவிடுகிறது. அழுத்திப் பிதுக்கினால் அது வெளியே வராது. சுற்றியுள்ள நலமான சதைக்குள் கிருமியைத் தள்ளிவிடுவதுதான் மிஞ்சும். இரத்த ஓட்டம் இல்லாத அந்த உருண்டைக்குள் மருந்தும் எளிதில் நுழைவதில்லை என்பதால், முற்றிய ஆணி ஊசி போட்டும் ஆறவில்லை என்று பலர் குறைபட்டுக்கொள்கிறார்கள்.

பார்க்கும் முறை எளிது. கோழிகள் அடைந்த பிறகு, மாலை மங்கியதும், ஒவ்வொன்றாகக் கம்பிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கைவிளக்கின் ஒளியில் இரண்டு உள்ளங்கால்களையும் விரலிடுக்குகளையும் பாருங்கள். நலமான பாதத்தில் சிறு சிறு மேடுகள் வரிசையாக, ஒரே நிறமாக, நெகிழ்வாக இருக்கும். அந்த மேடுகள் தேய்ந்து ஓரிடம் மட்டும் வழவழப்பாக மின்னினாலோ, இளஞ்சிவப்பாக இருந்தாலோ, அது முதல் அறிகுறி. அடுத்து அந்த இடத்தில் பழுப்பு நிறத்தில் தொடங்கிக் கறுக்கும் பொருக்கு உண்டாகும். பிறகு பாதம் உப்பி, தொட்டால் சூடாகத் தெரியும். விரல்களுக்கிடையே வீக்கம் மேல்பக்கமாகவும் புடைக்கும். இறுதியில் தசைநாணும் எலும்பும் மூட்டும் பாதிக்கப்படும். எச்சம் காய்ந்து ஒட்டியிருப்பதும் கறுப்புப் பொருக்கைப் போலவே தோன்றும் என்பதால், ஈரத்துணியால் துடைத்துவிட்டே முடிவுக்கு வர வேண்டும். பகலில் கவனிப்பதானால், ஒற்றைக் காலில் அதிக நேரம் நிற்பது, கம்பின்மீது ஏறத் தயங்குவது, மற்றவை மேயும்போது இது மட்டும் அமர்ந்திருப்பது ஆகியவை துப்புகள்.

நொண்டும் கோழிக்கெல்லாம் ஆணி என்று எண்ணிவிடவும் கூடாது. கணைக்காலின் செதில்கள் தூக்கிக்கொண்டு, சுண்ணாம்பு பூசியதுபோல வெண்மையாகத் தடித்திருந்தால், அது செதிலுக்கடியில் வாழும் நுண்ணிய உண்ணியின் வேலை. உள்ளங்கால் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஒரு கால் முன்னும் மறுகால் பின்னுமாக நீட்டிக்கிடக்கும் இளங்கோழிக்கு மேரக்ஸ் என்னும் நச்சுயிரி நோயை ஐயுற வேண்டும். முழங்கால் மூட்டும் பாதமும் இரு பக்கமும் ஒருசேர வீங்கிப் பல கோழிகள் ஒரே காலத்தில் நொண்டினால், மைக்கோபிளாஸ்மா என்னும் தொற்றாக இருக்கலாம். இவற்றையெல்லாம்விடப் புழக்கடையில் அடிக்கடி நேர்வது நூல் சுற்றுவது. சாக்குப்பையின் பிளாஸ்டிக் இழையும், வாசலில் எறிந்த தலைமுடியும், காற்றாடி நூலும் விரலைச் சுற்றி இறுகி, நாளடைவில் தோலுக்குள் புதைந்து விரலையே கறுக்கவைத்துவிடும். வீங்கிய விரலைக் கண்டால் மருந்தைத் தேடுவதற்கு முன் இழையைத் தேடுங்கள்.

முதற்கட்ட ஆணிக்கு வீட்டு மருத்துவம்

தேவையானவை: கோழி நிற்கும் அளவுள்ள, இனிச் சமையலறைக்குத் திரும்பாத ஒரு பிளாஸ்டிக் தொட்டி, பேதி உப்பு, பெட்டாடின் என்று எல்லோரும் அறிந்த போவிடோன் அயோடின் கரைசல், மருந்துத் துணி, ஒட்டும் பட்டை, பழைய துண்டு, கையுறை. பேதி உப்பு என்பது மக்னீசியம் சல்பேட். உரக்கடையிலும் கிடைக்கும் என்றாலும், மருந்துக்கடையில் கிடைப்பதே காயத்துக்கு ஏற்றது. கையுறையை அலட்சியம் செய்ய வேண்டாம். இந்தக் கிருமி மனிதர் தோலிலும் சீழ்க்கட்டியை உண்டாக்கக்கூடியது. கைவிரலில் வெட்டுக்காயம் இருப்பவர் இந்த வேலையை வேறொருவரிடம் விடுவது நல்லது.

ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீருக்கு இரண்டு மேசைக்கரண்டி பேதி உப்பு என்ற அளவில் கரைத்து, கணைக்காலின் பாதி வரை மூழ்கும்படி கோழியை 15 நிமிடம் நிறுத்தி வையுங்கள். கோழியின் உடல் வெப்பம் ஏறத்தாழ 41 டிகிரி செல்சியஸ் என்பதால், நம் கைக்கு இதமாக இருக்கும் சூடு அதற்கும் பொருந்தும். கண்களை மறைத்தாற்போல் துண்டைத் தளர்வாகப் போர்த்தினால் பெரும்பாலான கோழிகள் அடங்கி நிற்கும். நெஞ்சைச் சுற்றி இறுக்கிப் பிடிப்பது மட்டும் ஆபத்து. கோழிக்கு நமக்கிருப்பதுபோல் உதரவிதானம் இல்லை, நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சுவிட முடியும். அந்த நீரைக் குடித்தால் பெயருக்கேற்பப் பேதியாகும் என்பதால், பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊறிய பாதத்தை மிருதுவான பல்துலக்கியால் சோப்பு நீர் தொட்டுக் கழுவுங்கள். பொருக்கு தானாக இளகி வந்தால் வரட்டும். வராவிட்டால் நகத்தால் பெயர்க்க வேண்டாம். அடியில் முள்முனை தென்பட்டால், கொதிக்கவைத்து ஆறிய இடுக்கியால் நேராக இழுத்து எடுத்துவிடலாம். பிறகு பெட்டாடினைத் தண்ணீரில் கலந்து, பால் சேர்க்காத தேநீரின் நிறத்துக்குக் கொண்டுவந்து அந்த இடத்தை நனைத்துக் கழுவி, ஒற்றியெடுத்து உலரவிட்டு, பெட்டாடின் களிம்பை மெல்லியதாகத் தடவுங்கள்.

கட்டுப் போடுவதில்தான் பலரும் தவறுகிறார்கள். காயத்தின்மேல் நேராகத் துணியை உருட்டி வைத்துக் கட்டினால், நடக்கும் ஒவ்வோர் அடியிலும் அந்த உருண்டையே காயத்தை அழுத்தும். மெல்லிய ஸ்பஞ்சை வடை வடிவில் வெட்டி, காயம் நடுத்துளைக்குள் வருமாறு வைத்தால், உடல் எடை சுற்றியுள்ள வளையத்தின்மீது இறங்கும். அதன்மேல் மருந்துத் துணி வைத்து, விரலிடுக்குகளின் வழியாகக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றிக் கணைக்காலில் ஒரு சுற்றுடன் முடித்து, ஒட்டும் பட்டையால் நிறுத்துங்கள். விரல் நுனிகள் வெளியே தெரிய வேண்டும். அரைமணி நேரம் கழித்து அவற்றைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்றிருந்தாலோ உப்பியிருந்தாலோ கட்டு இறுக்கம், உடனே அவிழ்த்துவிடுங்கள். கோழி சில நிமிடங்கள் சேற்றில் நடப்பதுபோல் காலை உதறி உதறி நடக்கும், அது பழக்கமின்மையால்தான்.

ஊறவைப்பதையும் கட்டு மாற்றுவதையும் முதல் நான்கைந்து நாள்கள் தினமும், பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் செய்யுங்கள். கட்டு நனைந்தால் நாள் கணக்குப் பார்க்காமல் மாற்ற வேண்டும், ஈரக்கட்டு கட்டு இல்லாததைவிடக் கெடுதல். இந்த நாள்களில் கோழியைத் தனியாக, உலர்ந்த வைக்கோலோ பழைய துணியோ விரித்த பெட்டியில், கம்பு வைக்காமல், மற்றவற்றின் கண்ணில் படும் தொலைவில் வைத்திருங்கள். முழுக்க மறைத்து வைத்தால், திரும்ப விடும்போது கூட்டம் அதைப் புதுக்கோழி என்று கொத்தி விரட்டும். பத்து நாள் முதல் இரண்டு வாரத்துக்குள் சிவப்பு மறைந்து, பொருக்கு உதிர்ந்து, அடியில் இளந்தோல் தெரிய வேண்டும். ஐந்தாம் நாளில் முன்னைவிட வீக்கம் கூடியிருந்தால் வீட்டு மருத்துவத்தை நிறுத்திவிடுங்கள்.

மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசலாமா என்று கேட்பார்கள். குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி, பூண்டு, மஞ்சள் ஆகியவற்றை எண்ணெயில் காய்ச்சி மாடுகளின் காயத்துக்குப் போடும் மரபு மருத்துவம் நம்மிடம் நன்றாகவே நிலைத்திருக்கிறது. தோல் மட்டும் பிளந்த காயத்துக்கு, கழுவிச் சுத்தம் செய்த பிறகு அதைத் தடவுவதில் தவறில்லை. ஈ மொய்க்காமலும் காக்கும். ஆனால், உள்ளே இறுகிய சீழ் உருண்டையை எந்தப் பற்றும் கரைக்காது. மண்ணெண்ணெய் ஊற்றுவது, வண்டியின் பழைய எண்ணெயில் காலை முக்குவது, சூடு போடுவது ஆகியவை மருத்துவமே அல்ல. செதில் உண்ணிக்கும் இவை வேண்டாம். அதற்கு வெதுவெதுப்பான சோப்பு நீரில் ஊறவைத்துத் தேய்த்து, தேங்காய் எண்ணெயோ வாசலினோ சில நாளுக்கு ஒருமுறை செதில்களின்மேல் கனமாகப் பூசிவந்தால், உண்ணி மூச்சடைத்துச் சாகும். முற்றியிருந்தால் மருத்துவர் ஐவர்மெக்டின் தருவார்.

கத்தியை எடுக்காதீர்கள்

பாதம் உப்பி, பொருக்கு ஒரு பட்டாணிக்கு மேல் பெருத்து, உள்ளே கட்டி தட்டுப்பட்டால், அதை அறுத்து எடுப்பதுதான் உண்மையான மருத்துவம். சமையல் மேசையில் அதைச் செய்துகாட்டும் காணொளிகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றைப் பார்த்துச் செய்ய வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. விரல்களை மடக்கும் தசைநாண்கள் உள்ளங்கால் வழியாகத்தான் ஓடுகின்றன; ஒன்று அறுந்தால் அந்த விரல் மீண்டும் கம்பைப் பற்றாது. மயக்கமோ மரப்போ இன்றி அறுப்பது கொடுமை. மரப்பு மருந்தின் அளவு சற்றுக் கூடினாலும் பறவை தாங்காது. அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுசெல்லுங்கள். தமிழ்நாட்டில் 1962 என்ற கட்டணமில்லா எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியையும் கேட்டுப் பார்க்கலாம். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலும், சென்னையில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் மருத்துவமனைகளிலும் கோழிக்கு முறையான மருத்துவம் உண்டு. ஒரு கோழிக்காக இவ்வளவு தூரமா என்று சிலர் சிரிக்கலாம். இருநூறு ரூபாய்க் கோழி என்பது சந்தைக் கணக்கு, வளர்த்தவர் கணக்கு வேறு.

நுண்ணுயிர்க்கொல்லியை நாமாக வாங்கித் தரக்கூடாது. எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும், எத்தனை நாள் என்பதை மருத்துவர் முடிவுசெய்ய வேண்டும். பாதியில் நிறுத்தினால் அடுத்த முறை அந்த மருந்து வேலை செய்யாமல் போகலாம். மருந்து உண்ணும் கோழியின் முட்டையிலும் இறைச்சியிலும் அது எஞ்சியிருக்கும் என்பதால், மருத்துவர் சொல்லும் நாள் கழியும்வரை அந்த முட்டையைக் குழந்தைகளுக்கு மட்டுமல்ல, யாருக்கும் தரக்கூடாது. வலிக்கு நம் வீட்டு மாத்திரையை உடைத்துக் கொடுப்பது அதைவிட ஆபத்து. டைக்ளோஃபெனாக் என்னும் வலி மருந்து பறவைகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். அந்த மருந்து ஏறிய மாடுகளின் சடலத்தைத் தின்று பாறு கழுகுகள் கூட்டம் கூட்டமாக அழிந்ததால்தான், கால்நடைகளுக்கு அதைப் பயன்படுத்துவதை இந்திய அரசு 2006-ஆம் ஆண்டில் தடைசெய்தது.

தரையும் கம்பும்

ஒரு கோழிக்கு ஆணி வந்தால் அது அந்தக் கோழியின் கேடு. மூன்றுக்கு வந்தால் அது கொட்டகையின் கேடு. முதலில் இரவில் அவை அடையும் கம்பைப் பாருங்கள். மூங்கில் எளிதில் கிடைக்கிறது, ஆனால் வழுக்கும், பிளந்தால் சிலாம்பு கத்திபோல் நிற்கும். நெகிழிக் குழாய் இன்னும் வழுக்கல். கோழி இரவெல்லாம் விரல்களை இறுக்கிக்கொண்டே இருக்க வேண்டியதாகிறது. இரும்புக் கம்பி மெலிதாக இருப்பதால் முழு எடையும் பாதத்தின் ஒரே கோட்டில் இறங்கும். 4 முதல் 5 செ.மீ. பருமனுள்ள சவுக்குக் கம்பு, பட்டை உரித்து, கணுக்களைச் செதுக்கி, உப்புத்தாளால் தேய்த்தது, நம் ஊரில் கிடைப்பவற்றுள் சிறந்தது. சட்டம் பொருத்துவதானால் மேல்விளிம்புகளை உருட்டிவிடுங்கள். கோழி ஒன்றுக்கு 20 முதல் 25 செ.மீ. இடம் இருக்கட்டும்.

உயரத்தைப் பற்றி நம்மவர்கள் எண்ணிப் பார்ப்பதே இல்லை. சிறுவிடைக் கோழி மரக்கிளையிலிருந்து இறகடித்து மெல்ல இறங்கிவிடும். மூன்று நான்கு கிலோ எடையுள்ள அசீல் சேவலோ, கனத்த வனராஜாவோ அப்படி இறங்க முடியாமல் கல்லைப் போல விழும். ஒவ்வொரு விடியலிலும் அந்த அடி அதே திண்டில்தான் விழுகிறது. இத்தகைய கோழிகளுக்குக் கம்பு ஒன்றரை அடிக்கு மேல் வேண்டாம். அதற்கும் ஒரு சாய்பலகை வைத்து, இறங்குமிடத்தில் கூளத்தைத் தடிமனாகப் போடுங்கள். பிள்ளைகள் ஆசைப்பட்டு வளர்க்கும் பிராய்லர் கோழி ஆறு வாரத்தில் அறுக்கப்படுவதற்கென்றே உருவாக்கப்பட்டது. அது ஓராண்டு வாழ்ந்தால் அதன் கால் அந்த உடலைத் தாங்குவது அரிது. அதற்குக் கம்பே வேண்டாம், மெத்தென்ற தரையும் அளவான தீனியும் போதும்.

கூளத்துக்கு நெல் உமி, கடலைத்தோல், தேங்காய்நார்க் கழிவு, மரத்தூள் ஆகியவற்றுள் எது மலிவோ அதைக் குறைந்தது 5 செ.மீ. கனத்துக்குப் பரப்பலாம், நார்க்கழிவு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் மழைக்காலத்துக்கு உகந்ததன்று. ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பாருங்கள்: விரித்ததும் உதிர்ந்தால் நல்லது, கொழுக்கட்டைபோல் நின்றால் மாற்ற வேண்டும். ஈரக்கூளத்தில் எச்சம் அழுகி எழும் அம்மோனியா கண்ணைக் கரிப்பதோடு நிற்பதில்லை. ஊறி மெலிந்த உள்ளங்கால் தோலையும் அரித்துப் புண்ணாக்கிவிடுகிறது. வாரம் இருமுறை கிளறிவிடுங்கள். தண்ணீர்க் கிண்ணத்தைச் செங்கல்மேல் வைத்து, சிந்துவது கூளத்தில் இறங்காமல் பாருங்கள். சுண்ணாம்புத் தூள் தூவும் பழக்கம் உள்ளவர்கள் முழுவதும் நீர்த்து உலர்ந்த சுண்ணாம்பை மட்டும், கோழிகளை வெளியே விட்டபின் கூளத்தோடு கலந்துவிட வேண்டும்; நீர்க்காத சுண்ணாம்பு ஈரக்காலில் பட்டால் வெந்துவிடும்.

ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை தொடங்கியபின் புழக்கடை சேறாகிவிடும். என் வீட்டில் கால் ஆணி கண்ட நான்கு கோழிகளில் மூன்று கார்த்திகை மாதத்துக்காரிகள். அதனால் புரட்டாசியிலேயே கொட்டகை வாசலில் நீர் தேங்கும் பள்ளத்தில் மணலும் உடைந்த ஓடும் கொட்டி மேடாக்கி, ஓட்டின் முனை காலில் படாமல் மேலே மணலை மூடிவிடுகிறேன். கோடையில் சிக்கல் வேறு: வேலியோரச் சீமைக்கருவேல முள்ளும், தரையில் படரும் நெருஞ்சியும். மேய்ச்சல் இடத்தில் விறகு வெட்டிப்போட்டால், கடைசிச் சுள்ளி வரை பொறுக்கியாக வேண்டும். மொட்டைமாடியில் வளர்ப்பவர்களுக்கு முள் இல்லை. ஆனால் சிமெண்டுத் தளம் அரத்தைப் போலத் தேய்க்கும், வெயிலில் சுடவும் செய்யும். நிழலும் ஒரு மூலையில் மண்தொட்டியும் கொடுங்கள்.

தீனியில் ஒரே ஒரு எச்சரிக்கை. நொய்யும் மிச்சச் சோறும் மட்டுமே தின்னும் கோழி ஒரு பக்கம் கொழுக்கும், மறு பக்கம் தோலுக்கு வலுவூட்டும் உயிர்ச்சத்து ஏ, பயோட்டின் ஆகியவற்றுக்கு ஏங்கும். இரண்டுமே பாதத்தைக் கெடுக்கும். முட்டைக்கோழித் தீவனத்தை முதன்மையாக வைத்து, முருங்கைக்கீரையோ அகத்திக்கீரையோ கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டால், எட்டிக் கொத்துவதில் உடலுக்கும் வேலை கிடைக்கும்.

ஆறிய கோழியைக் கூட்டத்தில் சேர்ப்பதானால், இருட்டியபின் அதன் பழைய இடத்தில், கம்பில் மற்றவற்றுக்கு நடுவே வைத்துவிடுங்கள்; விடிந்ததும் சண்டை குறைவாக இருக்கும். ஆறிய பாதத்தை அடுத்த ஒரு மாதத்துக்கு வாரம் இருமுறையும், மற்றவற்றின் கால்களை வாரம் ஒருமுறையும் பாருங்கள். ஐந்து கோழிக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. குஞ்சுப் பருவத்திலேயே மடியில் வைத்து விரல்களைத் தொட்டுத் தொட்டுப் பழக்கியிருந்தால் துண்டுகூடத் தேவைப்படாது. தானாகவே காலை நீட்டிக்கொண்டு கண்ணை மூடிவிடும் கோழிகளும் உண்டு.